புதன்கிழமை ப்ரோமோ

பல்லடத்தில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்களைக் கூட்டிவைத்துத் தாயக்கட்டை உருட்டி அழவைக்கிறானாம் என்று பூக்காரப் பூவாத்தாளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பூவாத்தாள் அதை என் சின்னம்மா அமராவதியிடம் சொல்ல, சின்னம்மா நெதர்லாந்தில் இருக்கும் எனக்குப் போன் போட்டார். எதிர்பாராத நேரத்தில் ஊர் எண் திரையில் தெரிந்தாலே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும்.

“ஆருக்கு என்னாச்சுங் சின்னம்மா?”

“ஆருக்கும் ஒண்ணுமில்ல கண்ணு. கம்பெனிக்குப் போற ஆம்பளைகளே தேம்பித் தேம்பி அழுவறாங்களாமா. சாமி வர வெக்கறான்னு ஒருத்தரு சொல்றாரு, மருந்து வெக்கறான்னு ஒருத்தரு சொல்றாரு.”

“அதுக்கு நீங்க ஏனுங் பதறறீங்க?”

“அந்த ஆளே நம்ம இளங்குமரந்தானாமா!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கட்டைகளை வாங்கிக்கொடுத்தவள் நான்தான்.

இளங்குமரன் சின்னம்மாவின் மூத்த மகன்; எனக்குத் தம்பி. பி.காம். முடித்த கையோடு சென்னைக்குப் போய், ஒன்பது வருடம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசன உதவியாளனாக இருந்தான். திரையில் அவன் பெயர் வந்தது மொத்தம் நான்கு தடவை. அதிலும் ஒரு தடவை ‘இளங்குமரி’ என்று வந்தது. நடிகைக்கும் கம்பெனிக்கும் ஒத்துவராமல் போனால், காலை பத்து மணிக்குள் அந்தப் பாத்திரத்தை விபத்தில் சாகடித்து, போட்டோவுக்கு மாலை போட்டு, மிச்சம் இருப்பவர்கள் அழுவதற்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுப்பான். ஒரு நாள் தொடரையே நிறுத்திவிட்டார்கள். ஊர் திரும்பி ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தான். சாயம் தப்பிய துணிக்கு அதை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடம் காரணம் எழுதுவது அவன் வேலைகளில் ஒன்று.

“அங்கயும் பொய்தானுங்க்கா எழுதுனன், இங்கயும் பொய்தான். என்ன, இங்க பி.எஃப். புடிக்கறாங்க” என்பான்.

இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில் வந்தபோது, என் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஆடுகிற ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தையும் இருபது முகப் பகடைகளையும் அவனுக்குக் கொண்டுவந்தேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தான் என்ன பேசுகிறேன், என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். முந்நூறு பக்க ஆங்கிலத்தில் முப்பது பக்கம் புரட்டிவிட்டு, “அக்கா, இது சீரியலுங்க்கா. என்ன, எழுதி வெக்காத சீரியல்” என்றான்.

அப்போது சிரித்தேன். சின்னம்மாவின் போனுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. ஜூலையில் ஒரு புதன்கிழமை கோவையில் வந்து இறங்கினேன். இளங்குமரன்தான் காரோடு வந்து அழைத்துப்போனான். ஞாயிறு மதியம் அவனுடைய மாடி அறைக்கு நானும் போய் உட்கார்ந்தேன்.

கம்பெனி கழித்துப்போட்ட, துணி சரிபார்க்கும் செக்கிங் மேசை, அதன் மேல் தாழ்வாகத் தொங்கும் குழல்விளக்கு. மேசையைச் சுற்றி மூன்று பேர். தையல் பிரிவில் சூப்பர்வைசரான ஜெயசுதா, சாயப்பட்டறை லேபில் வேலை செய்யும் கன்னையன், கட்டிங் மாஸ்டர் சிவராஜ். கதை, தலைகீழாக ஓடும் ஓர் ஆற்றைப் பற்றியது. கோட்டையில் மாட்டிக்கொண்ட அக்காவாக ஜெயசுதா, பொய் சொல்லியே பிழைக்கும் வைத்தியராகக் கன்னையன், அப்பனிடம் கோபித்துக்கொண்டு போன படகோட்டி மகனாக சிவராஜ்.

இளங்குமரன் நடத்திய விதம் புத்தகத்தில் இல்லாதது. “கதவத் தட்டறது, செருப்புக் கழட்டறது, காப்பி குடிக்கறதெல்லாம் வேண்டாங்க. நேரா சண்டைக்கு வாங்க” என்பான். ஒருவர் அதிகம் பேசினால், “கட் பண்ணா, ஆத்துக்கு அந்தப் பக்கம்…” என்று அடுத்தவரிடம் தாவிவிடுவான். பகடையில் குறைந்த எண் விழுந்தாலும், முடியவில்லை என்று சொல்லமாட்டான்; “பூட்டுத் தெறந்துருச்சுங்க. ஆனா உள்ள உங்க மாமியா நிக்கறாங்க” என்பான். யாராவது ஒருவர் வாயடைத்து நிற்கிற நொடி பார்த்து ‘தொடரும்’ போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவான்.

இதோடு இன்னொன்றும் செய்தான். புதன்கிழமை சாயங்காலம் கம்பெனியில் யார் போனையாவது இரவல் வாங்கி, ஆட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, கதையில் வரும் யாராவது ஒருவரின் குரலில் அரை நிமிடம் பேசுவான். அதற்குப் பெயர் ப்ரோமோ. “வாரத்துக்கு நடுவுல ஒருக்கா கிள்ளி உடலைன்னா ஆடியன்ஸ் சேனல மாத்திருவாங்க்கா.”

அழவைத்தது, ப்ரோமோவிலும் வரும் ஒரு குரல்தான். சிவராஜ் குண்டடம் என்ற ஊர்ப் பையன். நான்கு வருடத்துக்கு முன், கூட வேலை செய்த பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டான். அப்பா கருப்புசாமி வாசலிலேயே நிறுத்தி, “இங்க வராத. போ” என்றிருக்கிறார். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையையும் ‘வாங்க கண்ணு, உண்ணுங்க கண்ணு’ என்று ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். “வராதன்னதுகூடப் பரவால்லீங்ணா. ‘ங்க’ போடாம சொன்னாரு பாருங்க, அது செருப்புல அடிச்ச மாதிரி இருந்துச்சுங்ணா” என்று சிவராஜ் ஒருமுறை சொன்னதை இளங்குமரன் குறித்துவைத்துக்கொண்டான். ஆட்களின் வலியைத் தெரிந்துகொண்டு அதில் காட்சி வைப்பது அவன் சென்னையில் கற்ற தொழில். கதையில் அப்பாவாக வரும் கிழப் படகோட்டி, இளங்குமரனின் வாயால் மகனை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டார். முதல் தடவை அதைக் கேட்டபோது சிவராஜ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டானாம். மற்ற இரண்டு பேரும் அழுதார்களாம்.

நான் போன ஞாயிறன்று ஜெயசுதா முன்கதையைச் சொல்லி முடித்ததும் சிவராஜ் கையைத் தட்டினான்.

“ஏனுங்ணா, இந்த வாரம் ப்ரோமோ அட்டகாசம்ங்ணா! அழுகறது மட்டும் கொஞ்சம் ஓவர்.”

இளங்குமரன் பகடையைக் கீழே வைத்தான். “இந்த வாரம் நான் ப்ரோமோ போடலியே.”

“பாருங்க, பாருங்க, ட்விஸ்ட்டு! மூஞ்சியப் பாரு, ஒண்ணுந் தெரியாத பாப்பா மாதிரி” என்று ஜெயசுதா சிரித்தார்.

“இல்லீங்க, நெசமாத்தான் சொல்றன்.”

“நெசமாத்தான்னு சொல்லித்தான போன மாசம் என்ற வைத்தியரக் கெணத்துல தள்ளுனீங்க?” என்றார் கன்னையன்.

இளங்குமரன் சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. நான் சிவராஜ் பக்கம் திரும்பினேன்.

“புதன்கிழமை எத்தன மணிக்குத் தம்பி போன் வந்துச்சு?” என்று கேட்டேன்.

“ஏழேகாலுங்க்கா.”

நான் வந்து இறங்கிய அன்று ஏழேகாலுக்கு இளங்குமரன் என் பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை அவன் போனைத் தொடவே இல்லை. அதை நான் சொன்னேன். அவன் பேச்சை நம்பாதவர்கள் என் பேச்சை நம்பினார்கள். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“என்ன சொன்னாங்க போன்ல?” ஜெயசுதாவின் குரல் இறங்கியிருந்தது.

சிவராஜ் அந்தக் குரலிலேயே சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தன் குரலுக்கு மாறினான். “கண்ணு, நல்லா இருக்கறீங்களா… ஞாயித்துக்கெழம வாங்க கண்ணு… மருமவளையும் கூட்டியாங்க. உங்கம்மா கேட்டுட்டே இருக்கறா…”

“நீ என்ன சொன்ன?” என்றான் இளங்குமரன்.

“ஞாயித்துக்கெழம வராம எங்க போறன், டயலாக் சூப்பர், அழுகறத மட்டும் கொஞ்சங் கொறைங்கன்னு சொன்னன்.” போனைக் கையில் எடுத்தான். “சிரிச்சுட்டே கட் பண்ணிட்டன்.”



“உங்கப்பா கொரலே தெரியலியா தம்பி?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“தெரியாம என்னங்க்கா? அச்சு அசலா அவரு கொரல்தான். ஆனா ‘ங்க’ போட்டாரே! எங்கப்பன் என்னைய ‘ங்க’ போடமாட்டாரு. அதனாலதான் அண்ணன்னு…” என்று இளங்குமரனைக் காட்டினான்.

ஜெயசுதா அவன் கையிலிருந்து போனை வாங்கி, புதன்கிழமை வந்த எண்ணைத் தேடி எடுத்தார். பெயர் காட்டும் செயலியில் ‘நாச்சிமுத்து டிராக்டர் குண்டடம்’ என்று வந்தது.

“பக்கத்துத் தோட்டத்துக்காரருங்க” என்றான் சிவராஜ். “அப்பனுக்குப் போனு கெடையாது. அவருகிட்டத்தான் வாங்கிப் பேசுவாரு.”

இளங்குமரன் எழுந்து சுவரோரம் போய் நின்றான். நான்கு வருடம் வாயைத் திறக்காத ஒரு கிழவர் அடுத்தவர் போனை வாங்கி அழுதிருக்கிறார், மகன் சிரித்திருக்கிறான். இதில் எனக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் பார்க்கக்கூட பயமாக இருந்தது.

அவர் வரச்சொன்ன ஞாயிறு இதுதான்; மணி மூன்று. சிவராஜ் அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, செக்கிங் மேசையின் நடுவில் வைத்தான். மணி போனது.

“எடுத்தா என்னன்னு சொல்லட்டுங்ணா? சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க” என்று இளங்குமரனைப் பார்த்தான்.

இளங்குமரன் வாயைத் திறந்தான். “நீயே… நீயே பேசு சிவராஜு” என்றான்.

முழு மணியும் அடித்து ஓய்ந்தது. “தோட்டத்துல இருப்பாருங்க, இருங்க, எடுப்பாரு” என்று ஜெயசுதா யாரும் கேட்காமலே சொன்னார். சிவராஜ் மறுபடி அழுத்தினான். நாங்கள் ஐந்து பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது.