சோகையம்மாவின் சோயாப் பாத்தி

ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்குப் பெயர் சோகையம்மா. அவள் என்னவோ கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தாள். சோகை பிடித்தாற்போல் நின்றது அவள் வளர்த்த சோயாப் பயிர். சுற்றிலும் எல்லாப் பாத்தியும் கரும்பச்சையாக இருக்க, அவளுடையது மட்டும் வெளிறிக் கிடக்கும். பார்க்கிறவர்கள் வாய் சும்மா இருக்குமா?

"ஊரே பயிரைப் பச்சையாக்கப் பாக்குது. நீ பச்சையா இருக்கறதை வெளுக்க வைக்கிறே. இதுக்குச் சம்பளம் வேற!" என்பார் வீட்டுக்காரர்.

அது நோய் இல்லை, அந்த ரகத்துக்குப் பிறவியிலேயே இலையில் பச்சையம் குறைவு என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கரும்பச்சைச் செடியில் மேல் இலைகள் வெயிலைத் தேவைக்கு மேல் வாரிக்கொள்ளும். செரிக்க முடியாததை வீணடிக்கும். கீழ் இலைகள் நிழலில் பட்டினி கிடக்கும். வெளிறிய இலையோ தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்ச வெளிச்சத்தைக் கீழே விடும். மேலும் கீழுமாக எல்லா இலையும் செடிக்கு உணவு சமைத்தால் விளைச்சல் ஏன் குறைய வேண்டும்? கூடினாலும் கூடும். காகிதத்தில் இது பிரமாதமாக வந்தது. வயலில்தான் ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் காட்டுப்பன்றி என்று ஏதாவது வந்து கெடுத்தது.

"இதுதான் கடைசி. பச்சை ரகத்துக்குச் சமமா விளையலைன்னா அந்த இடத்தை மக்காச்சோளக்காரங்களுக்குக் கொடுத்துடுவேன்" என்று இயக்குநர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இந்தப் பருவம் மழையும் கெடுக்கவில்லை, பன்றியும் வரவில்லை. அறுத்து, காயவைத்து, அடித்து, தராசில் ஏற்றினால் வெளிறியது பச்சையை முந்தியிருந்தது. மறுபடி நிறுக்கச் சொன்னாள். மறுபடியும் முந்தியது.

மூட்டையைத் தூக்கி வைத்த மேஸ்திரிக்கு அவளைவிடச் சந்தோஷம். பண்ணையில் உரமும் தண்ணீரும் அவர் பொறுப்பு. பயிர் வாடினால் சோறு இறங்காத மனுஷர்.

"நான் விட்டுடுவேனாம்மா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"எதைச் சொல்றீங்க?"

"பூ எடுக்கற சமயம் நீங்க கூட்டத்துக்கு வெளியூர் போனீங்கல்ல? அது நிக்கற கோலத்தைப் பாத்து எனக்கு மனசு கேக்கலை. அதுக்கு மட்டும் ரெண்டு தரம் யூரியா தூவித் தண்ணி விட்டேன். அப்பவும் பாழாப்போனது பச்சையாகலை. ஆனா காய் பிடிச்சுது பாத்தீங்களா!"

கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். இந்த நல்லவர்களை என்ன செய்து தொலைப்பது? இரண்டுக்கும் ஒரே தீனி போட்டால்தானே அது போட்டி!

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இயக்குநர் அறைக்குப் போகிற வழியெல்லாம் அந்த நினைப்பும் கூடவே வந்தது. உள்ளே போய், நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அப்ப இது இலையால விளைஞ்சதா, யூரியாவால விளைஞ்சதா?"

"தெரியாது சார்."

"அப்ப இடத்தைக் காலி பண்ணிடுங்க."

வாசலில் காத்திருந்த மேஸ்திரி விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எதுக்கும்மா போய்ச் சொன்னீங்க? நான் செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேனே!"