மருத்துவரிடம் என்று சொல்லி

ஷார்ஜாவில் ஓர் அடுக்ககத்தில், சனிக்கிழமைதோறும் இரண்டு குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்துவந்தேன். தந்தை கட்டுமான நிறுவனமொன்றில் பொறியாளர். தாய் வீட்டைப் பார்த்துக்கொண்டார். இருவரும் கோயம்புத்தூர்ப் பக்கத்தவர். விருந்தோம்பலில் குறை வைக்காதவர்கள். அவ்வீட்டில் கம்போடியாவிலிருந்து வந்த பெண் ஒருவர் வேலைக்கு இருந்தார். அவரை அந்த வீட்டில் 'அது' என்பார்கள்.

சில வாரங்களாக அவருடைய வலக் கன்னம் வீங்கியிருந்தது. முதலில் நெல்லிக்காயளவு; பிறகு கண்ணுக்குக் கீழ்வரை. தேநீர்க் கோப்பையை என் முன் வைக்கும்போது தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொள்வார். கிராம்பு கொடுத்தாயிற்று, வலிமாத்திரை கொடுத்தாயிற்று என்றார் வீட்டுக்காரி. "வலி கூடப் பரவால்லைங்க சார். சோறு போடறப்போ அந்த மூஞ்சியப் பாத்தா எங்களுக்குச் சாப்பாடே எறங்க மாட்டேங்குது" என்று குழந்தைகளின் முன்னிலையிலேயே சொன்னார்.

ஒரு சனிக்கிழமை பாடம் முடிந்ததும், தொழில்பேட்டைப் பக்கம் போகிறோம், உங்களை அறையில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள். வாசலில் அந்தப் பெண் தேய்த்த நீல உடையணிந்து, தலைமுடியை நீர் தொட்டு வாரி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "டாக்டர்" என்றார். அந்த வீட்டில் அவர் முகம் மலர்ந்து நான் கண்டது அப்போதுதான்.

"ஆமா, ஆமா, டாக்டர். யல்லா, கெளம்பு" என்றார் வீட்டுக்காரி. எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

வண்டி நெடுஞ்சாலையை எட்டியதும், பின்னிருக்கையிலிருந்து வீட்டுக்காரி தம் கணவரிடம் கேட்டார்: "ஏங்க, டிக்கில அதோட பேக் இருக்குதுல்ல?"

"எல்லாம் வெச்சாச்சு."

என்ன பை என்று கேட்டேன்.

"ரிட்டர்ன் பண்றோங்க சார். கேரண்டி டைம் இன்னும் இருக்குது. அதுக்குள்ள குடுத்தா, ஆள் அனுப்புன மெய்டு ஆபீஸ்ல வேற ஆள் எக்ஸ்சேஞ்ச் பண்ணித் தருவாங்க. வைத்தியம் பாத்துட்டு உக்காந்திருந்தா டைம் போயிருமில்லீங்களா?"

"அவங்ககிட்ட டாக்டர்னு சொல்லியிருக்கீங்களே?"

"பின்ன, ஆபீஸ்னா வண்டியில ஏறுமாங்க? இதுக்கு முந்தி இருந்தது லிஃப்ட்டுக்குள்ளயே சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு. பில்டிங்கே வேடிக்கை பாத்துச்சு, போங்க!"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்த அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எசமானி சிரிக்கிறாள் என்பதற்காக, திறக்க முடிந்த ஒருபக்க வாயால் அவரும் சிரித்தார். வண்டியை நிறுத்துங்கள் என்றேன். இதோ வந்துவிட்டது என்றார் கணவர்.

கண்ணாடிக் கதவும் பெயர்ப்பலகையும் தெரிந்ததுமே அந்தப் பெண்ணுக்கு இடம் புரிந்துவிட்டது. அவர் அலறவில்லை. கன்னத்திலிருந்து கையை இறக்கி, என்னைப் பார்த்து, "டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே ஒரே நிற மேலங்கியில் பெண்கள் நெகிழி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடத்துபவன் தமிழன். "வாங்கக்கா! என்ன, இதுவும் செட் ஆகலையா?" என்றவன், பேனாமுனையால் அவர் முகவாயை நிமிர்த்திப் பார்த்தான். "பல்லா? பல்லுக்கெல்லாம் நாங்க கேரண்டி குடுக்கிறதில்லக்கா" என்று தன் நகைச்சுவையைத் தானே ரசித்தான். மேசையிழுப்பிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து நீட்டினான். அவர் அணிந்துகொண்டதும் வீக்கம் மறைந்தது. "கஸ்டமர் வர்ற நேரம், அதான்" என்று எனக்கு விளக்கமும் தந்தான்.

வீட்டுக்காரி அதற்குள் நாற்காலி வரிசையின் முன்னால் நின்றிருந்தார். "இந்தத் தடவ வாயைத் தொறந்து காட்டச் சொல்லுங்க. மறுபடியும் ஏமாற முடியாது."

அவன் அரபியில் ஏதோ சொன்னான். அவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். அந்த அம்மாள் குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துக் கடைவாய்வரை பார்த்தார். காய்கறிக் கடையிலும் அவர் இவ்வளவு நேரம் குனிந்திருக்கமாட்டார். என் குழந்தை மாணாக்கர்களுக்குச் சோறூட்டும் கை அது என்பது நினைவுக்கு வந்தது.

இவரை யாராவது மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டுமே என்றேன்.

"அது இப்ப ஆபீஸ் பொறுப்புங்க சார்" என்றார் கணவர்.

"பேப்பர் இன்னும் முடியலியே, சார். இப்போதைக்கு உங்க ஆளுதான்" என்றான் அவன்.

இருவரும் சற்றும் முகம் சுளிக்காமல், தேநீர் அருந்தியபடி இதைப் பேசினார்கள். அந்தச் சீழுக்கு உரிமையாளர் எவருமில்லை. அவருடைய அடையாள அட்டையைக் கொடுங்கள், நானே அழைத்துப் போகிறேன் என்றேன். கணவர் தயங்க, மற்றவன் முகம் தெளிந்தது.

"நல்ல காரியம் சார்! வீங்குன மூஞ்சிய எவன் எடுப்பான்? கூட்டிட்டுப் போங்க."

பழுதுபார்க்க அனுப்பும் பொருளுக்கு விடை தருவதுபோல இருந்தது அது. அவனுக்கு ஆதாயமாகிறதே என்று கூசினேன். ஆனாலும் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

அதே தெருவில் பல் மருத்துவமனை ஒன்று இருந்தது. வாசலில் அவர் நின்றுவிட்டார். படிக்கட்டுக் கம்பியை இரு கையாலும் பற்றிக்கொண்டார். "டாக்டர்" என்றேன், பிடி இறுகியது. மீண்டும் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் அந்தச் சொல்லை அவர் இனி நம்பப்போவதில்லை. உள்ளே போய் மருத்துவரிடம் நடந்ததைக் கூறினேன். மலையாளப் பெண்மணி அவர். வெள்ளை மேலங்கியோடு வெளியே வந்து, ஒன்றும் பேசாமல், தம் வாயைத் திறந்து தம் பல்லையே சிறு கண்ணாடியால் தட்டிக் காட்டினார். சற்றுப் பொறுத்து, கம்பியிலிருந்து ஒரு கை விலகியது. பிறகு மற்றது.

பல்லைப் பிடுங்கிச் சீழை வெளியேற்றிய பின், "இன்னும் விட்டிருந்தா கழுத்துக்கு எறங்கியிருக்கும். மனுஷங்கதானா அவங்க?" என்றார் மருத்துவர். நான் தமிழ் கற்பிக்கும் வீடு அது என்பதை மறைத்துவிட்டுப் பணத்தைக் கட்டினேன்.

நாங்கள் திரும்பியபோது, தம்பதியர் வேறொரு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வெகுநேரம் ஆகவில்லை, அவனுடைய கைப்பேசி ஒலித்தது. ஒலிபெருக்கியில் போட்டான். வீட்டுக்காரியின் குரல்.

"பல்லைப் புடுங்கியாச்சா? அப்ப சரியாப் போச்சுல்ல? இந்தப் புதுசுக்கு கேஸ் பத்த வெக்கவே தெரியல. பழையதையே குடுத்துருங்க, இதக் கொண்டாந்து விட்டர்றோம்."

மனமில்லாமல் போகிறவள் ஓடிப்போனால் தனக்குத்தான் தலைவலி என்று முணுமுணுத்தபடி, அவன் அந்தப் பெண்ணிடம் அரைகுறை அரபியிலும் கையசைவிலும் பழைய வீடா என்று கேட்டான். வாயில் கடித்த பஞ்சோடு அவர் தலையை அசைத்தார். இல்லை. தமக்கே கேட்கவேண்டும் என்பதுபோல இன்னொருமுறையும் அசைத்தார்.

"அக்கா, அது வரமாட்டேங்குது."

"என்னது? அதப் போயி யாராச்சும் கேப்பாங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மேசையருகே நின்றுகொண்டேன். "இல்லக்கா. மாஃபி" என்று அவன் சொல்லி, அழைப்பைத் துண்டிக்கும்வரை நகரவில்லை. அவர் பஞ்சைக் கடித்தபடியே போய், அந்தத் தம்பதியரோடு போனவள் விட்டுச்சென்ற நாற்காலியில் உட்கார்ந்தார்.