சீமைக்குப் போய் வந்த தண்டல்

பேத்தி ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "தாத்தா, படகோட்டிங்களுக்குத் தலைவன், ஆறெழுத்து, டி-யில ஆரம்பிக்குது" என்றாள். "டிண்டல்" என்றேன். சொன்னதுமே மூக்கில் தார் வாசனை ஏறிவிட்டது.

ராயபுரத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்த படகுக் கம்பெனியில், தார் வாசனை அடிக்காதவர் மானேஜர் ஒருவர்தான். வெள்ளைக்காரர் கப்பலேறிய பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர். வெள்ளைக்காரரே கழற்றி மாட்டிய கோட்டை இவர் அக்கினி நட்சத்திரத்திலும் கழற்ற மாட்டார்.

காசிம் பாய் எங்கள் தண்டல். வட்டி வசூலிக்கிற தண்டல் இல்லை; கப்பல் சரக்கைக் கரைசேர்க்கும் படகுக்குத் தலைவர். ஆனாலும் தினக்கூலிதான். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தார். மாதச் சம்பளம் வந்தால்தான் மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

"தண்டலா? இதென்ன குப்பத்துப் பேரு? இங்கிலீஷ்ல இல்லாத உத்தியோகம் நமக்கெதுக்கு?" என்றார் மானேஜர்.

எங்கள் ஹெட் கிளார்க் நல்ல மனுஷர், ஆனால் சொல்லாராய்ச்சிப் பித்து. நூலகத்தில் தடியான அகராதியைப் புரட்டிவிட்டு ஓடிவந்தார். "இருக்கு சார், டிண்டல்னு. நம்ம தண்டல்தான் சீமைக்குப் போயிருக்கு."

மானேஜர் முகம் மலர்ந்தது. உத்தியோகம் பிழைத்தது. காசிம் பாய் ஆபீஸ் முழுக்க சமோசா கொடுத்தார். மறுநாள் மானேஜர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: டிண்டல் என்பது ஆங்கில உத்தியோகம் ஆதலால், அதற்கு வருபவர் ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மானேஜரின் மச்சினருக்கு ஆங்கிலம் தெரியும். கடல்தான் தெரியாது. டிண்டலாகச் சேர்ந்த முதல் நாளே படகில் வாந்தி எடுத்தார்; அதையும் இலக்கணப் பிழையில்லாமல்தான் எடுத்திருப்பார். அதே படகில், அதே தினக்கூலிக்கு, காசிம் பாய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் என் மேஜைப் பக்கம் வந்தார். "பேரு நம்ம வூட்லேர்ந்து போனதுன்னாங்கோ. திரும்பி வந்து நம்மளையே யாருன்னு கேக்குது. இன்னா நைனா இது?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. டைப்பிஸ்டின் கோபத்தை யார் மதித்தார்கள்? அந்த நிக்காஹ் நின்றுபோனது.

படகுகள் போயின. கம்பெனியும் போயிற்று. அந்தக் கரையில் இப்போது கண்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. பேத்தி கட்டத்தை நிரப்பிவிட்டுப் போனில் அகராதியைப் பார்த்தாள். "இது வழக்கொழிஞ்ச சொல்லாம் தாத்தா."

காசிம் பாயைக் கரையில் எல்லோரும் கடைசிவரை தண்டல் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் மட்டும்தான் டிண்டலுக்குப் போயிற்று.