பன்றித் தலையும் துவக்கின் பங்கும்

ஆட்டுத் தலை வாங்க வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு வா என்று அப்பா கூப்பிட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிற மனிதர் அவர்.

"வாய் கேக்குதோ?" என்றேன்.

"எனக்கில்லைப் பிள்ளை. அண்ணைக்கு."

கனடாவிலிருந்து வந்திருந்த பெரியப்பா பம்பலப்பிட்டியில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். மறுநாள் எங்களிடம் மத்தியானச் சாப்பாடு, அதற்கடுத்த நாள் பயணம். எண்பத்திரண்டு வயதில் திரும்ப வருவாரோ தெரியாது. அதுதான் அப்பாவை அரித்துக்கொண்டிருந்தது. வாகனம் ஓயாத கொழும்புக் காலி வீதியைக் கடக்கக் காத்து நின்றபோது விஷயத்தைக் கக்கிவிட்டார்.

கலியாணவீடு, செத்தவீடு ஒன்று விடாமல் அப்பா சொல்லும் பன்றிக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். வன்னிக் காட்டில், பெரியப்பாவோடு போன வேட்டையில், அப்போதுதான் வாங்கிய பம்ப் துவக்கால், பாய்ந்து வந்த பன்றியை விழுத்திய கதை. அங்கே வேட்டை இறைச்சி பங்குபோடும் முறை கண்டிப்பானது. சுட்டவருக்குத் தலை. போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. துவக்குக்கும் ஒரு பங்கு, அதைத் துவக்குக்காரர் எடுப்பார். அன்று தலை அப்பாவுக்கு வந்தது.

"ஆனா பிள்ளை, நான் சுடேல்லை," என்றார்.

முதல் வெடி அப்பாவுடையது. அது படவில்லை. பன்றி திரும்பி ஓடி வர, அவர் மறுபடி விசையை இழுத்தார், வெடி கேட்டது, பன்றி விழுந்தது. ஆனால் பம்ப் துவக்கில் ஒரு வெடி தீர்ந்ததும் முன்பிடியை இழுத்துத் தள்ளினால்தான் வெறுங்கோது வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறும். இரட்டைக்குழலில் பழகிய அப்பா பதற்றத்தில் அதை மறந்துவிட்டார். வீட்டில் துவக்கைத் துடைக்க இழுத்தபோதுதான் முதல் வெடியின் கோது காலடியில் விழுந்ததாம். கேட்ட வெடி பெரியப்பாவின் இரட்டைக்குழல். அதற்குள் தலை அடுப்பில் ஏறிவிட்டது. கலியாணமாகி ஒரு மாதமேயான அம்மா அயலட்டைக்கெல்லாம் பெருமை பேசி முடித்திருந்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைப்பினம் எண்டு கேள்விப்பட்டனான். நீங்கள் முழுப் பன்றியையெல்லே மறைச்சிருக்கிறியள்!" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. எனக்குப் பாவமாகிவிட்டது. இறைச்சிக் கடைக்குப் போய், பன்றித் தலைக்குப் பதிலாக ஆட்டுத் தலையை வெட்டித் துப்புரவாக்கி வாங்கினோம்.

மறுநாள் பெரியப்பா வந்தார். பால்கனியில் இருந்து கடலைப் பார்த்தார், ரயில் போவதைப் பார்த்தார், கனடாக் குளிரைத் திட்டினார். அப்பா பன்றிப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கோ, நானே போட்டுடைத்துவிடலாமா என்று நாக்கு துடித்தது.

மேசையில் அம்மா தலைக்கறிச் சட்டியை வைத்தார். அப்பா எழுந்து, அகப்பை நிறைய அள்ளி அண்ணனின் சோற்றுக் கோப்பையில் போட்டார்.

"இது உங்கட தலை அண்ணை. அண்டைக்கு என்ர துவக்கு ரெண்டாந்தரம் வெடிக்கேல்லை."

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. பெரியப்பா அவசரமில்லாமல் ஒரு துண்டை எடுத்து மென்றார்.

"தெரியும்," என்றார். "மொத்தம் ரெண்டு வெடிதான் கேட்டது. முதலாவது உன்ர, ரெண்டாவது என்ர. எனக்கு எண்ணத் தெரியாதோ?"

"பிறகேன் பேசாம இருந்தனீங்கள்?"

"புதுப் பொம்பிளை வாசல்ல நிண்டு உன்னைப் பார்த்த பார்வையைக் கண்டனான். அதைக் கெடுத்துத் தலைக்கறி தின்னோணுமோ எனக்கு?"

அம்மா வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியப்பா தன் கோப்பையிலிருந்து ஒரு நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து அப்பாவின் சோற்றில் வைத்தார்.

"என்னண்ணை இது?"

"வெடிக்காட்டிலும் துவக்குக்குப் பங்கு இருக்கெல்லே. தின்னு."