மூக்கு வழியாக வெளியேறிய கட்டி

முப்பது வயதைத் தாண்டிய பிறகு நான் வளர ஆரம்பித்தேன். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை. புதுச் சப்பாத்து மறு வருடமே காலைக் கடித்தது. கல்யாண மோதிரம் விரலைவிட்டு வர மறுத்தது. குரல் தடித்தது, தாடை முன்னே வந்தது. இதையெல்லாம் ஆண்மை என்று எடுத்துக்கொண்டேன். கோயில் திருவிழா நாடகத்தில் கேட்காமலே எமன் வேடம் தந்தார்கள். என் நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நம்பினேன். தலைவலிக்கும் காரணம் வைத்திருந்தேன்: மூளை அதிகம் உழைக்கிறது.

ஒரு காலை மோட்டார் சைக்கிளில் போகும்போது, பாதையோரம் நின்று ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த மண்டோரை இடித்துத் தள்ளினேன். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு எழுந்துவிட்டார்.

"ஏன் கிராணி, ஆள் நிக்கிறது கண்ணு தெரியலியா லா?"

உண்மையிலேயே தெரியவில்லை. நேரே பார்த்தால் பாதை இருந்தது. இரு பக்கமும் இல்லை.

மனைவி என்னைக் கோலாலம்பூருக்கு, பெரிய மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். டாக்டர் என் பழைய அடையாள அட்டைப் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைப் படமெல்லாம் எடுத்த பிறகு விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி. அதில் அபூர்வமான ஒரு கட்டி. அதுதான் என்னை வளர்க்கிறது, கண் நரம்பையும் அழுத்துகிறது.

"ஆப்பரேஷன் செஞ்சு எடுத்தாகணும். விட்டா பார்வை போயிடும்" என்றார்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "மொட்டை அடிக்கணுமா டாக்டர்?" என் சுருட்டை முடிமேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

"ஒரு முடியையும் தொட மாட்டோம். மேலுதட்டுக்கு உள்ள கீறி, மூக்கு வழியாப் போயிடுவோம்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில், மூளையையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்வாளோ என்று தோன்றியது.

அறுவைக்குப் பின் மூக்கு நிறையத் துணி, வாயால்தான் மூச்சு. தீராத தாகம் வேறு, குடித்ததெல்லாம் சிறுநீராகவே போனது. தோட்டத்தில் ஊரார் வெட்டிய ரப்பர் பாலை அளந்து எழுதியவன் நான். இங்கே என் சிறுநீரைத் தாதி அளந்து எழுதினாள்.

ஒரு மதியம் தலையைத் திருப்பாமலே கட்டிலோரம் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது.

"நீ இங்கயா உக்காந்திருக்க?"

"ரெண்டு நாளா இங்கதான் இருக்கேன்" என்றாள் மனைவி. பிறகுதான் அழுதாள்.

தலைவலி நின்றது. விரல் வீக்கம் வடிந்தது. தாடை மட்டும் வந்தது வந்ததுதான். எலும்பு திரும்பிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு திரும்பும் பேருந்தில் இரு பக்கமும் தெரிந்த கடைப் பலகைகளை எங்கள் ஊருக்கு முந்திய ஈஜோக் வரை உரக்க வாசித்துக்கொண்டே வந்தேன்.

"மெதுவாப் படிங்க, பஸ்ல எல்லாருக்கும் கண்ணு தெரியும்" என்றாள்.