கடைசி ஆள் போகும்வரை

எங்கள் குழு எப்படிப் பேர் வாங்கியது என்று யாராவது கேட்டால் சுருட்டை தன் கிட்டாரைப் பற்றிப் பேசுவான், நெட்டை தன் பேஸ் கிட்டாரைப் பற்றிப் பேசுவான். நான் டிரம்ஸ்காரன், என்னிடம் யாரும் கேட்பதில்லை. அதனால் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். எல்லாம் என் அண்ணியின் கைவேலை.

அண்ணி ஒரு தகன மண்டபத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேரை வழியனுப்பி வைக்க வேண்டும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மூலையில் உட்காரும்படி ஆர்கனைப் போட்டிருந்தார்கள். அதனால் தலைக்கு நேரே ஒரு பழைய லாரிக் கண்ணாடியை மாட்டி, அதில் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். அந்த வேலைக்கு ஒரே விதிதான்: கடைசி ஆள் வெளியே போகும்வரை கை நிற்கக் கூடாது. ஒரு முறை ஓர் அம்மாள் நாற்பது நிமிடம் எழுந்திருக்கவே இல்லை. மேலாளர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறார். அண்ணி கண்டுகொள்ளவில்லை. கையிலிருந்த நாலு ஸ்வரங்களை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபிறகுதான் விட்டிருக்கிறார்.

"அவங்க முடிக்கல. நான் எப்படி முடிக்கிறது?" என்று சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு அப்போது அதன் அருமை தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் சைக்கடெலிக் ராக் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. கேட்கிறவனுக்குக் காலடியில் தரை நழுவ வேண்டும், நேரம் மறந்துபோக வேண்டும், கண்ணை மூடினால் நிறம் நிறமாகத் தெரிய வேண்டும், அதுதான் அந்த இசை என்று சுருட்டை கையை ஆட்டி ஆட்டி விளக்குவான். எங்களைக் கேட்டவர்களுக்குத் தலைவலிதான் வந்தது. பயிற்சி செய்துகொண்டிருந்த டயர் கிடங்கிலிருந்தும் எங்களைத் துரத்திவிட்டார்கள். கடைசியில் மூட்டை முடிச்சோடு அண்ணன் வீட்டு மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பழைய எலக்ட்ரிக் ஆர்கன் நின்றது. மண்டபத்தில் புதிது வாங்கியபோது அண்ணிக்குத் தள்ளிவிட்டது. அதை மாடியேற்றிய நாளிலிருந்து அண்ணனுக்கு இடுப்புவலி. கல்யாணத்தில் சீர் வந்ததைவிட இது வந்ததுதான் கனமாக இருந்தது என்று இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் பாட்டு வழக்கம்போல மெதுவாகத் தொடங்கி, தலைதெறிக்க ஓடி முடிந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தினார்.

"உங்களை யாராவது துரத்துறாங்களா தம்பி?"

நெட்டை களுக்கென்று சிரித்துவிட்டான். சுருட்டைக்கு முகம் சிவந்தது. அண்ணி துணியை ஒதுக்கிவைத்துவிட்டு ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, அடியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். ஒரே ஒரு கட்டை. எடுக்கவே இல்லை.

"ம். இப்ப வாசிங்க."

அந்த நாதம் கீழே அசையாமல் கிடக்கும்போது எங்களால் ஓட முடியவில்லை. என் குச்சிகள் தாமாகவே நிதானத்துக்கு வந்தன. சுருட்டை தன் கிட்டாருக்கு வைத்திருந்த எதிரொலிப் பெட்டியை எடுத்து ஆர்கனில் மாட்டிவிட்டான். அவ்வளவுதான், அந்தக் கூடம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கிய மாதிரி ஆகிவிட்டது. மூன்று நிமிடப் பாட்டு பதினேழு நிமிடம் போனது. முடிந்தபோது கீழ்வீட்டுக்காரர் கதவருகே நின்றிருந்தார். சண்டைக்கு வந்தவர், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றார்.

அதன்பிறகு அண்ணியும் எங்களோடு மேடையேறினார். எங்களைக் கேட்க வரும் கூட்டம் நாளுக்கு நாள் பெருத்தது. ஐம்பது பேர் பிடிக்கும் அறையில் இருநூறு பேர் நெருக்கியடித்தார்கள். மேடையில் அண்ணி எங்களைப் பார்க்கவே மாட்டார். பார்வை முழுக்கக் கூட்டத்தின்மேல். பாட்டை முடிக்கலாம் என்று நான் கண்ணைக் காட்டினால், "இரு, அந்தத் தூண் பக்கத்துல நிக்கிறவர் இன்னும் கண்ணைத் திறக்கல" என்பார். அவருக்காக இன்னும் இரண்டு சுற்று போகும். மண்டபத்தில் அழுகிறவர்களுக்குச் செய்ததைத்தான் இங்கே ஆடுகிறவர்களுக்கும் செய்தார். அதைப் போய்ப் பத்திரிகைக்காரர்கள் புது அலை என்று எழுதினார்கள். எழுதட்டும்.

அப்போதுதான் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். மைதானத்தில் ஒரு பெரிய நிகழ்ச்சி, மதிய நேரம், நாலாயிரம் பேர் வருவார்கள்; நன்றாகப் போனால் அங்கேயே ஒப்பந்தம் என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா பிரமாதமா வாசிக்கிறாங்க. அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா மேடையில பார்த்தா... பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்காங்களே. போஸ்டர்ல மூணு பேர் போதும். அவங்க ஒரு திரைக்குப் பின்னால உட்காந்து வாசிக்கட்டும். ஒப்பந்தமும் மூணு பேரோட போட்டுக்கலாம்."

அந்த இடத்திலேயே அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்ததைத்தானே சொல்ல முடியும்.

வீட்டு ஆள் என்பதால் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மென்று விழுங்கி ஒருவழியாகத் திரையைப் பற்றி மட்டும் சொன்னேன். ஒப்பந்தத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி சட்டைக் கையின்மேல் ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

"அப்படியா? சரி. திரைக்குப் பின்னாலேர்ந்து எனக்கு ஜனங்க தெரிவாங்கல்ல?"

"தெரிவாங்க அண்ணி" என்றேன்.

பச்சைப் பொய். அந்தத் திரையை நான் பார்த்திருந்தேன். நல்ல தடித்த கறுப்புத் துணி, ஓர் ஊசிமுனை வெளிச்சம்கூட வராது.

நிகழ்ச்சியன்று முதல் நாலைந்து பாட்டுகளுக்குக் கைத்தட்டலும் விசிலுமாக மைதானம் அதிர்ந்தது. பிறகு அந்தப் பதினேழு நிமிடப் பாட்டை எடுத்தோம். பாதியில் ஓர் இடம் வரும். கிட்டார்கள் நின்றுவிடும், நானும் குச்சிகளை இறக்கிவிடுவேன், ஆர்கன் மட்டும் தனியாக, மெல்லிசாகப் போகும். எந்த அறையிலும் அந்த இடத்தில் நாலு பேராவது இருமுவார்கள், காலிப் பாட்டில்கள் உருளும். அன்று நாலாயிரம் பேரில் ஒருவர்கூட அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்தபடி நின்றார். என் கை மயிர் சிலிர்த்தது.

அப்போது ஆர்கன் நின்றது.

அதுவும் அறுந்த மாதிரி இல்லை. அழகாக ஒரு முடிப்புக் கொடுத்து, ஓய்ந்துவிட்டது. சுருட்டை என்னைப் பார்த்து முழித்தான். மேடை ஓரத்தில் கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நான் எழுந்து திரைக்குப் பின்னால் ஓடினேன்.

அண்ணி ஆர்கனை மூடிவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் போயிட்டாங்களா தம்பி? ஒரு சத்தமும் இல்லையே. நம்ம பாட்டு பிடிக்கலையா?"

இங்கே பார்க்கக் கண்ணாடி இல்லை, காதை மட்டும் நம்பியிருக்கிறார். மண்டபத்தில் சத்தம் அடங்கினால் ஆட்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். இருபது வருடப் பழக்கம். நாலாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டதை, மைதானமே காலியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குருடாக்கி உட்கார வைத்தது நான். இரண்டு கையாலும் திரையைப் பிடித்து இழுத்தேன். கம்பியோடு சேர்ந்து கீழே வந்தது.

வெயிலில் அண்ணி கண்ணைச் சுருக்கினார். அத்தனை பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரும் போகல அண்ணி. இங்கேர்ந்து உங்களுக்கு ஜனங்க தெரிய மாட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பொய் சொல்லிட்டேன்."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார், வரிசை வரிசையாக, நிதானமாக. ஆர்கனைத் திறந்தார்.

"அதை வீட்டுல பேசிக்கலாம். போ, போய் உட்காரு. அவங்க காத்திட்டு இருக்காங்க."

விட்ட இடத்திலேயே பிடித்தார். அன்று அந்தப் பாட்டு முப்பத்தொரு நிமிடம் போனது. முடிந்தபிறகு வந்த கைத்தட்டலைப் பற்றி நான் சொன்னால் பீற்றிக்கொள்வதாக நினைப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

மேடைக்குப் பின்னால் கம்பெனிக்காரர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு காகிதத்தை நீட்டினார். கையெழுத்துக்கு மூன்று கோடுகள் இருந்தன. சுருட்டை பேனாவை வாங்கி அந்த மூன்றுக்கும் மேலே நான்காவதாக ஒரு கோடு போட்டான். கம்பெனிக்காரர் வாயைத் திறந்தார். நெட்டை அவர் பக்கத்தில் போய் நின்றான். திறந்த வாயை அவர் அப்படியே மூடிக்கொண்டார்.

அண்ணி பேனாவை வாங்கிக்கொண்டு காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூக்குக் கண்ணாடி எடுத்துட்டு வரல. இதுல நான் எங்க போடணும் தம்பி?"

நான் அந்தப் புதுக் கோட்டின்மேல் விரலை வைத்தேன்.

"மொதல்ல இருக்கே, இது யாரோட இடம்?"

"உங்களோடதுதான் அண்ணி" என்றேன். இந்த முறை பொய் இல்லை.