டெஸ்பினாவின் ஊருக்கு யோகா போனாள்

யோகா கிரேக்கத் தீவுக்குப் போய்வந்த கதையைச் சொல்ல எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

செவன் ஹில்ஸ் பிஸ்கட் தொழிற்சாலையில் அவளும் நானும் பதினைந்து வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி அடைக்கிறோம். எண்பத்தெட்டில் சிட்னிக்கு வந்தவள். இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கினாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிளாக்டவுன் கடை, கோயில், வீடு, அவ்வளவுதான் அவள் கண்ட ஆஸ்திரேலியா. முழங்கால் நோ என்று ஒரு மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போவாள். எங்களோடு வேலை செய்யும் கிரேக்கக்காரி டெஸ்பினாவுக்கு வெள்ளி தவறாமல் உளுந்து வடை சுட்டுக் கொடுத்தது யார்? நான்.

2003இல் ஒருநாள் சாப்பாட்டு அறையில் டெஸ்பினா கேட்டாள், ஆகஸ்டில் ஊருக்குப் போகிறேன், அம்மா இருக்கிறா, வீடு இருக்கிறது, நீங்களும் வருகிறீர்களா என்று. என் நெஞ்சு துள்ளியது. ஆனால் கேட்டவுடன் பாய்ந்து விழ நாங்கள் என்ன காணாததைக் கண்டவர்களா? "ஐயோ, உனக்கு ஏன் வீண் கரைச்சல்?" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். இரண்டாம் தரம் கேட்பாள், கொஞ்சம் இழுத்துச் சம்மதிக்கலாம் என்றிருந்தேன். டெஸ்பினா முப்பது வருடம் சிட்னியில் வாழ்ந்தவள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எடுத்துக்கொண்டு யோகாவைப் பார்த்தாள். இவள் வாய் நிறைய வடையோடு "யெஸ், யெஸ்" என்றாள். என்னுடைய வடை!

ஆகஸ்டில் போனவள் மூன்று கிழமை கழித்து ஒரு கட்டுப் படங்களோடு வந்தாள். மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளை வீடுகள். கார் அடிவாரத்தோடு நின்றுவிடுமாம், பெட்டிகளைக் கழுதை சுமக்குமாம். மொட்டைமாடியில் அத்திப்பழம் காய்கிறது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே டெஸ்பினாவின் தாய்க்குப் பக்கத்தில் கதிரை போட்டு ராணி மாதிரி யோகா.

"எத்தினை படியடி?"

"இருநூத்திப் பத்து. காலமையும் ஏறுவன், பின்னேரமும் ஏறுவன்."

"அப்ப முழங்கால்?"

"அங்கை நோகேல்லை, திலகம்."

எப்படி நோகும்!

"வீட்டுக்குள்ளை கால் வைச்ச உடனை ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு கிளாஸ் தண்ணியும் தருவினம். வேண்டாம் எண்டாக் கிழவி விடாது. திரும்பத் திரும்பக் கேட்டுத் தந்துபோட்டுத்தான் மற்ற வேலை."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்கிற ஊர். அது என்னுடைய ஊரல்லவா? அங்கே இவள் போயிருக்கிறாள்.

அடுத்த வருடமும் டெஸ்பினா கேட்பாள் என்று தெரியும். கண்ணாடிக்கு முன்னால் நின்று "யெஸ்" சொல்லிப் பழகினேன். கேட்டாள். என் பாழாய்ப்போன வாய், "உனக்கு ஏன் வீண் கரைச்சல்?" என்றது. சரி என்று டெஸ்பினா எழும்பினாள்.

யோகா அவள் கையைப் பிடித்தாள். "இன்னொருதரம் கேள். இவள் இரண்டாம் தரம்தான் சம்மதிப்பாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

டெஸ்பினா சிரித்துக்கொண்டே கேட்டாள். "யெஸ்" என்று கத்திவிட்டு யோகாவைக் கட்டிப்பிடித்தேன்.

வேலைக்குத் திரும்பி நாலைந்து பெட்டி அடைத்த பிறகுதான் உறைத்தது.

"அப்ப போன வருசமும் உனக்கு இது தெரியும். ஏனடி வாய் திறக்கேல்லை?"

யோகா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ வந்திருந்தா டெஸ்பினா முழுக்க உன்னோடைதான் கதைச்சுக்கொண்டு திரிஞ்சிருப்பாள், திலகம்."